கேஸ்

"கேஸ்தான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல"
என்று உட்காரும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார் எபிநேசர்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
ஊறி வெளுத்த விரல்கள்.
பன்னீர் சோடா குடித்தாராம், ஏப்பம் வந்ததாம்.
ஓமத்தண்ணீர், சுட்ட பூண்டு,
மெடிக்கல் ஷாப் பையன் தந்த பச்சை மாத்திரை.
"ஒரே ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா
விடிகாலை ஏலத்துக்குப் போயிடுவேன்."

இந்த ஊரில் கேஸ் என்பது பெரிய சொல்.
அடுப்பில் எரிவது, வயிற்றில் புரள்வது,
கோர்ட்டில் வாய்தா வாங்குவது,
வெளியே பெஞ்சில் டோக்கனோடு இருமுவது.
"இன்னும் எத்தனை கேஸ் நர்கீஸ்?"
நானும்தான் கேட்கிறேன், தினமும்.

எங்கே வலிக்கிறது?
விரலால் தொட்டுக் காட்டவில்லை.
உள்ளங்கை முழுவதையும் நெஞ்சின் மேல் வைத்து
எதையோ மூடுவதுபோல் மூடினார்.

எப்போது? சாப்பிட்ட பிறகா?
அவர் யோசிப்பதற்குள் மனைவி சொன்னாள்:
"மாடி ஏறசொல்ல.
ஹவுசிங் போர்டு, நாலாவது மாடி.
மூணாவது திருப்பத்துல தண்ணி டிரம் வெச்சிருப்பாங்க,
அங்க வந்தா இவருக்கு வந்துடும்."
வந்தால்?
"நிப்பேன்."
நின்றால்?
"நின்னா நின்னுடும்."

நின்னா நின்னுடும்.
தடித்த புத்தகம் எதுவும்
இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

ஈசிஜி எடுத்தோம்.
தாளில் கோடு சமர்த்தாக ஓடியது.
நார்மல் என்று இயந்திரமே அடியில் அச்சடித்தது.
படி ஏறுகிறவனின் வலியைப்
படுத்திருக்கிறவனிடம் விசாரித்தால்
அது வேறென்ன சொல்லும்?

பதினோரு வருடத்துக்கு முன் தணிகைவேல் என்று ஒருவர்.
லாரி ஷெட்டில் கணக்கு எழுதுபவர்.
மழை. கரண்ட் இல்லை. வெளியே இருபத்தேழு பேர்.
கேஸ் என்றார்.
எனக்கும் அது வசதியாக இருந்தது.
ரோஸ் நிற சிரப் எழுதித் தந்தேன்.
மூன்று மூடி மட்டும் குறைந்திருந்த பாட்டிலை
நான்காம் நாள் அவர் மகன் கொண்டுவந்து
இதே மேசையில் வைத்தான்.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

"ஊசி இல்லையா?" என்றாள் எபிநேசரின் மனைவி,
ஏமாற்றப்பட்டவள்போல.
ஊசி இல்லை. இந்த மாத்திரையை இப்போதே மெல்லச் சொல்லுங்கள்.
இந்தச் சீட்டோடு ஸ்டான்லிக்கு, ஆட்டோவில், நேராக.
வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு அல்ல.
மாடி வேண்டாம். ஐஸ் வேண்டாம்.
"அப்ப ஏலம்?" என்றார் அவர்.
மருந்துச் சீட்டில் அதற்குக் கோடு போட்ட இடம் இல்லை.

அடுத்தவன் பிரணவ். இருபத்தாறு வயது.
கையில் துடிப்பு எண்ணும் கடிகாரம்.
ஆஞ்சியோ எடுத்துவிடலாமா என்று
டீ குடிக்கலாமா என்பதுபோல் கேட்டான்.
அப்பாவைக் கேட்டேன், அம்மாவைக் கேட்டேன்,
சிகரெட்டை, தூக்கத்தைக் கேட்டேன்.
அவன் ஒற்றை விரலால் காட்டிய விலா எலும்பை அழுத்தினேன்.
துள்ளினான்.
ஞாயிற்றுக்கிழமை புது ஜிம்மில் எண்பது தண்டால்.
"வெந்நீர் ஒத்தடம் கொடு. ஏறினால், நடந்தால் வலித்தால் ஓடி வா."
"அவ்ளோதானா?"
அவ்வளவுதான்.
ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஃபீஸா என்று
அவன் முகம் கேட்டது.
அதற்குத்தான் அதிகம் வாங்க வேண்டும், தம்பி.

பத்தரைக்கு ஷட்டர்.
ஸ்டான்லியிலிருந்து போன் வரவில்லை.
வராதது நல்லதா என்று தெரியவில்லை.

என் குடியிருப்பில் லிஃப்ட் கதவில்
சர்வீஸ் அட்டை தொங்கியது, மூன்றாம் நாளாக.
ஐம்பத்து மூன்று வயதில் மூன்று மாடி ஒன்றும் பெரிதில்லை.
இரண்டாவது திருப்பத்தில்,
யார் வீட்டுச் செருப்பு அலமாரியோ, அதன் பக்கத்தில்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.
உள்ளங்கை தானாக மேலே போயிருந்தது.
நின்றேன்.
நின்றது.

மத்தியானம் அந்தச் சன்னா மசாலாவைத் தொட்டிருக்கக் கூடாது.
கேஸ்தான் என்று சொல்லிக்கொண்டே
பையில் சாவியைத் தேடினேன்.